கடைசி ஆறு வாரம்: தனியே படிக்கும் உயர்தர மாணவருக்கு ஒரு திறந்த மடல்

கதிரவெளியிலும் வாகரைப் பிரதேசத்தின் மற்றக் கிராமங்களிலும் க.பொ.த. உயர்தரப் பரீட்சைக்குத் தனியே படித்துக்கொண்டிருக்கும் பிள்ளைகளுக்கு,

பரீட்சைக்கு ஆறு வாரம் இருக்கையில் கொப்பியைத் திறக்கும் மாணவர் நாடு முழுக்க இருக்கிறார்கள். நகரத்துப் பிள்ளைக்கு அந்த ஆறு வாரத்தையும் வேறொருவர் வகுத்துக் கொடுத்துவிடுகிறார்: மீட்டல் வகுப்பு, கருத்தரங்கு, மாதிரி வினாத்தாள், அதைத் திருத்த ஓர் ஆசிரியர். உங்களுக்கு அந்த ஆறு வாரமும் வெறும் நாட்களாகத்தான் கிடைக்கின்றன. அவற்றை வகுப்பதும் நீங்கள், படிப்பதும் நீங்கள், திருத்துவதும் நீங்கள். இந்த மடல் அதைப் பற்றியது மட்டும்தான். இரண்டு வருடம் என்ன செய்தீர்கள் என்ற கேள்வியை ஊரும் உறவும் ஏற்கெனவே கேட்டுவிட்டன. அதை மறுபடியும் கேட்பதால் எவருக்கும் ஒரு புள்ளிகூடக் கூடப்போவதில்லை.

நீங்கள் பிந்தியதற்குச் சோம்பல்தான் காரணம் என்று சொல்பவர்கள் இந்த இடத்தின் தூரத்தை அளந்து பார்க்காதவர்கள். கதிரவெளி மட்டக்களப்பு மாவட்டத்தின் வடகோடியில், வெருகல் ஆற்றுக்கு இப்பால் இருக்கிறது. பெயர் பெற்ற பிரத்தியேக வகுப்பு ஒன்றுக்குப் போவதென்றால் வாழைச்சேனைக்குப் போகவேண்டும். திருகோணமலை வீதியால் ஏறத்தாழ நாற்பது கிலோமீற்றர். மட்டக்களப்பு நகரம் அதற்கும் அப்பால். வகுப்புக் காசை எப்படியோ சேர்த்தாலும், வகுப்பு முடிந்த பிறகு ஊருக்குத் திரும்ப பஸ் இருக்குமா என்ற கணக்கு ஒன்று இருக்கிறது. விஞ்ஞானமோ கணிதமோ எடுத்த பிள்ளை உறவினர் வீட்டில் தங்கிப் படிக்கவேண்டியிருக்கிறது. அந்த ஏற்பாடு இடையில் குலைந்தால் படிப்பும் குலைகிறது. முதல் தடவை எழுதிச் சரிவராமல் வேலைக்குப் போய், இரண்டாம் தடவைக்குத் தனிப்பட்ட பரீட்சார்த்தியாக விண்ணப்பித்தவரும் உங்களுள் இருக்கிறீர்கள். பகலில் தோணி, தோட்டம், கடை. இரவில்தான் கொப்பி.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். 2004 டிசம்பர் 26இல் கடல் இந்தக் கரைக்குள் வந்தது. இரண்டு வருடம் கழித்து, 2006 நவம்பர் 8ஆம் திகதி, இடம்பெயர்ந்து வந்தவர்கள் தங்கியிருந்த கதிரவெளி விக்னேஸ்வரா வித்தியாலயத்தின் மீது இராணுவத்தின் எறிகணைகள் விழுந்து நாற்பதுக்கும் மேற்பட்ட பொதுமக்கள் உயிரிழந்தார்கள். அடுத்த சில வாரங்களில் வாகரைப் பிரதேசமே வெறுமையானது. இன்று உயர்தரம் எழுதும் வயதில் இருப்பவர்கள் அந்த வருடங்களை ஒட்டிப் பிறந்தவர்கள். உங்கள் தாய் தகப்பன்மாரில் பலருடைய படிப்பு அந்த ஓட்டங்களில் ஏதோ ஒரு வகுப்போடு நின்றுபோனது. வீட்டில் ஒரு கணக்கைக் கேட்டுத் தெளிய ஆள் இல்லை என்றால், அது அவர்கள் குற்றமும் இல்லை, உங்கள் குற்றமும் இல்லை. ஆனால் பரீட்சைத் திணைக்களத்தின் விடைத்தாளில் இதையெல்லாம் எழுத இடமில்லை. அங்கே இருப்பது சுட்டெண்ணும் விடையும்தான். ஆகவே இருக்கிற ஆறு வாரத்தை எதில் செலவழிப்பது என்பதைத் தீர்க்கமாக முடிவெடுக்க வேண்டியவர்கள் மற்ற எவரையும்விட நீங்கள்தான்.

முதலில் இலக்கு. உயர்தரத்தில் 75க்கு மேல் ஏ, 65க்கு மேல் பி, 55க்கு மேல் சி, 35க்கு மேல் எஸ், அதற்குக் கீழே சித்தியில்லை. பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்க மூன்று பாடத்திலும் ஒரே தடவையில் குறைந்தது எஸ் வேண்டும். பொது அறிவுத் தாளில் குறைந்தது 30 புள்ளி வேண்டும். இரண்டு பாடத்தில் ஏ எடுத்து மூன்றாவதில் 34 எடுத்தவருக்கு அந்த வருடம் கதவு மூடியே இருக்கும். தனியே படிப்பவர் பெரும்பாலும் செய்வது இதற்கு நேர்மாறானது. பிடித்த பாடத்தைத் திரும்பத் திரும்பப் படிப்பார், பயந்த பாடத்தைக் கடைசி மூன்று நாளுக்கு ஒதுக்குவார். பிடித்த பாடம் படிக்கும்போது ஏதோ நடக்கிறது என்ற ஆறுதல் கிடைக்கிறது, அவ்வளவுதான். அங்கே 62ஐ 68 ஆக்கக் கொடுக்கிற உழைப்பை, 25இல் நிற்கிற பாடத்துக்குக் கொடுத்தால் அது 40ஐத் தாண்டும். காரணம், அந்தப் பாடத்தில் இலகுவான புள்ளிகள்கூட இன்னும் எடுக்கப்படாமல் கிடக்கின்றன.

இசட் புள்ளியின் கணக்கும் இதையே சொல்கிறது. ஒரு பாடத்தில் நீங்கள் எடுத்த புள்ளியிலிருந்து அந்தப் பாடத்தின் சராசரியைக் கழித்து, நியம விலகலால் வகுப்பார்கள். மூன்று பாடத்துக்கும் அப்படிப் பெற்றதன் சராசரிதான் உங்கள் இசட். ஒரு பாடம் சராசரிக்கு வெகுகீழே கிடந்தால் மற்ற இரண்டும் உழைத்ததை அது தின்றுவிடும். இதோடு சேர்த்து அறியவேண்டியது ஒன்று. பெரும்பாலான பாடநெறிகளுக்கு 40 வீத இடங்கள் அகில இலங்கைத் திறமை அடிப்படையில் போகின்றன. 55 வீதம் சனத்தொகைக்கு ஏற்ப மாவட்டங்களுக்குப் பங்கிடப்படுகிறது. மிகுதி 5 வீதம் கல்வியில் பின்தங்கியவை எனக் கணிக்கப்பட்ட 16 மாவட்டங்களுக்கு உரியது. மட்டக்களப்பு அவற்றில் ஒன்று. கொழும்பிலும் கண்டியிலும் இரண்டு வருடம் வகுப்புக்குப் போன பிள்ளையோடு எல்லா இடத்துக்கும் நீங்கள் போட்டியிடவில்லை. பெரும்பகுதி இடங்களுக்கு உங்கள் போட்டி இந்த மாவட்டத்துக்குள்தான்.

அடுத்தது, எப்படிப் படிப்பது. தனியே இருப்பவர் நோட்ஸை வாசிக்கிறார். ஒரு தடவை, இரண்டு தடவை, பிறகு நிறப் பேனையால் கோடிட்டு மூன்றாம் தடவை. பக்கம் பழகிவிடுகிறது; பழகியதைத் தெரிந்தது என்று மனம் எடுத்துக்கொள்கிறது. 2006இல் ஹென்றி ரோடிகரும் ஜெஃப்ரி கார்ப்பிக்கியும் அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் நடத்திய ஆய்வு ஒன்று இதைத் துலக்கமாகக் காட்டியது. ஒரு பகுதி மாணவர் பாடத்தைத் திரும்ப வாசித்தார்கள். மறுபகுதியினர் ஒரு முறை வாசித்துவிட்டுத் தாளை மூடி, நினைவிலிருந்ததை எழுதிப் பார்த்தார்கள். ஐந்து நிமிடத்தின் பின் சோதித்தபோது திரும்ப வாசித்தவர்களே முன்னுக்கு நின்றார்கள். ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது எழுதிப் பார்த்தவர்கள் ஏறத்தாழ 56 வீதத்தை நினைவில் வைத்திருந்தார்கள், வாசித்தவர்கள் 42 வீதத்தை. பரீட்சை ஐந்து நிமிடத்தில் வருவதில்லை.

ஆகவே இந்த மடலின் முதல் வேண்டுகோள் இது: ஒரு நாளில் படிக்க ஐந்து மணித்தியாலம் கிடைக்கிறதென்றால், மூன்று மணித்தியாலம் பேனை தாளில் ஓடவேண்டும். வாசிப்பது, எழுத முடியாமல் நின்ற இடத்தை நிரப்புவதற்கு மட்டும்.

எதை எழுதுவது என்பதற்கு விடை கடந்தகால வினாத்தாள்தான். பதினொராம் தரம் வரை பாடநூலை இலவசமாகக் கொடுத்த அரசு, உயர்தரத்தில் அப்படி ஒரு நூலை உங்கள் கையில் வைப்பதில்லை. ஆனால் தேசிய கல்வி நிறுவகத்தின் பாடத்திட்டமும் ஆசிரியர் வழிகாட்டியும் இருக்கின்றன. பரீட்சைத் திணைக்களம் வினாத்தாளோடு புள்ளித்திட்டத்தையும் வெளியிடுகிறது. ஒரு தொலைபேசியில் இவற்றை இறக்கிக்கொள்ளலாம். அண்ணன்மார் அக்காமாரிடம் பழைய தாள்கள் கிடைக்கும். வினாத்தாளை எல்லோரும் தேடுகிறார்கள், புள்ளித்திட்டத்தைத் தேடுபவர் குறைவு. பக்கத்தில் ஆசிரியர் இல்லாதவருக்கு அதுதான் ஆசிரியர்.

புள்ளித்திட்டத்தைத் திறந்து பார்த்தால் திருத்துபவர் என்ன தேடுகிறார் என்பது கண்ணுக்குத் தெரியும். உயிரியல் கட்டுரை வினாவுக்கு 150 புள்ளி. அது நடையழகுக்குக் கொடுக்கப்படுவதில்லை. சரியான கருத்து ஒன்றுக்குப் பெரும்பாலும் 4 புள்ளி என்று எண்ணிப் போடப்படுகிறது. அதாவது நாற்பதுக்குக் கிட்டிய தனித்தனி உண்மைகள் அந்த விடையில் இருக்கவேண்டும். முன்னுரை எழுதி அரைப்பக்கம் போக்கியவருக்கு அந்த அரைப்பக்கத்தில் ஒன்றும் இல்லை. இணைந்த கணிதத்தில் ஒவ்வொரு தாளிலும் ஏ பகுதியில் 10 வினா, வினாவுக்கு 25 புள்ளி. பி பகுதியில் 7 வினாவில் 5 செய்யவேண்டும், வினாவுக்கு 150. பொறியியல் கணக்கில் விசைகளைச் சரியாகக் குறித்த படத்துக்கும் சரியாக எழுதிய சமன்பாட்டுக்கும் இறுதி விடை பிழைத்தாலும் புள்ளி உண்டு. கணக்கு முடியாது என்று தாளை வெறுமையாக விடுபவர் கையில் இருந்த புள்ளியைத்தான் விட்டுவிட்டு வருகிறார். பலவீனமான மாணவர் ஏ பகுதியின் பத்து வினாவையும் பதினைந்து வருடத் தாள்களில் செய்து பழகி, பி பகுதியிலும் தெரிந்த படிகளை எழுதினால், 35 என்பது எட்டாத உயரம் இல்லை.

கலைப்பிரிவுப் பிள்ளைக்கு இதைவிட ஒரு சாதகம் இருக்கிறது. பலர் அதைக் கவனிப்பதில்லை. புவியியலில் கரையோர நிலவுருக்கள் பற்றி எழுதச் சொன்னால், மனனம் செய்த பிள்ளை எங்கோ ஒரு நாட்டு உதாரணத்தைத் தேடி மறந்து நிற்கிறது. நீங்கள் தினமும் பார்ப்பதே விடை. பனிச்சங்கேணிப் பாலத்தில் நின்றால் ஒரு பக்கம் களப்பு, மறுபக்கம் கடல், இடையில் மணல். மணல் எப்படிக் குவிந்து நீரை அடைத்தது, மாரி வெள்ளத்தில் முகத்துவாரம் எப்படித் திறக்கிறது, உவர்நீரில் கண்டல் எங்கே வளர்கிறது என்பதை உங்களூர் மீனவர் எவரும் சொல்லித் தருவார். வெருகல் ஆறு மகாவலியின் ஒரு கிளை என்பதும், மத்திய மலைநாட்டில் பெய்த மழை இந்தக் கரையில் வெள்ளமாக வருவது ஏன் என்பதும் நீரியல் வினாவுக்கு நேரான உதாரணங்கள். 1:50,000 இடவிளக்கப்படத்தில் சமவுயரக் கோடு, களப்பு, வயல், குளம் ஆகியவற்றின் குறியீடுகளை அடையாளம் காண்பதற்கு வகுப்பு வேண்டாம். ஒரு பழைய வினாத்தாளின் படமும் நான்கு மாலையும் போதும். அந்தப் பகுதியில் எடுக்கிற புள்ளி நிச்சயமான புள்ளி.

பல்தேர்வு வினாவைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பௌதிகவியல், இரசாயனவியல், உயிரியல் போன்ற பாடங்களில் 50 வினாவுக்கு இரண்டு மணித்தியாலம். ஒன்றுக்கு இரண்டரை நிமிடத்துக்கும் குறைவு. பிழையான விடைக்குப் புள்ளி கழிப்பதில்லை. ஆகவே ஒரு வினாவையும் வெறுமையாக விடக்கூடாது. வீட்டில் பழகும்போது கடிகாரம் வைத்துப் பழகுங்கள். நேரம் போதாமல்போவதை முதன்முதலில் பரீட்சை மண்டபத்தில் அனுபவிக்கக்கூடாது. மூன்று மணித்தியாலத் தாளுக்கு மேலதிகமாகத் தரப்படும் பத்து நிமிட வாசிப்பு நேரத்தில் எழுதவேண்டிய வினாக்களைத் தெரிவுசெய்துவிடவேண்டும். பாதி எழுதிய பிறகு வினா மாற்றுவது பெரும் நட்டம்.

கடைசி நேரத்தில் ஒரு வியாபாரம் சூடுபிடிக்கும். “இது கட்டாயம் வரும்” என்ற தாள்கள் கைக்குக் கை, தொலைபேசிக்குத் தொலைபேசி வரும். தனியே இருப்பவரின் பயம்தான் அந்த வியாபாரத்தின் முதல். பரீட்சைக்குச் சில நாட்களுக்கு முன்பிருந்து பரீட்சை முடியும்வரை வகுப்பு நடத்துவதும், கருத்தரங்கு வைப்பதும், எதிர்பார்க்கை வினாக்களை அச்சிட்டு விநியோகிப்பதும் 1968ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கப் பொதுப் பரீட்சைகள் சட்டத்தின் கீழ் ஒவ்வொரு வருடமும் தடைசெய்யப்படுகின்றன. 2024 ஜனவரியில் விவசாய விஞ்ஞான வினாத்தாள் முன்கூட்டியே வெளியானபோது, அந்தப் பரீட்சையே இரத்தாகி பெப்ரவரி 1ஆம் திகதி புதிய தாளோடு மறுபடி நடந்தது. பழைய தாளை நம்பியவருக்குக் கிடைத்தது ஒன்றுமில்லை. நேர்மையாகப் படித்தவர் இன்னொரு தடவை உட்கார்ந்து எழுதவேண்டி வந்தது. அந்தத் தடையில் உங்களுக்கு ஒரு நியாயமும் இருக்கிறது. கடைசி நாட்களில் நாட்டிலுள்ள எல்லா மாணவரும் வகுப்பில்லாமல் தனியே படிக்கவேண்டியவர்கள். அந்த நிலைக்குப் பழகியவர்கள் நீங்கள்தான். அதுவரை எழுதிப் பழகியிருந்தால் அந்த நாட்கள் உங்களுடையவை.

தனியே படிப்பது என்பதற்கு ஒருவரோடும் பேசாமல் படிப்பது என்று பொருள் இல்லை. கதிரவெளி, புச்சாக்கேணி, அம்மந்தனாவெளி, பால்சேனை, வாகரை என்று ஆளுக்கொரு ஊரில் ஒரே பாடத்தோடு இரண்டு மூன்று பேர் இருக்கிறீர்கள். வாரத்தில் இரண்டு மாலை ஓரிடத்தில் கூடுங்கள். ஒரே தாளைத் தனித்தனியே எழுதி, புள்ளித்திட்டத்தை நடுவில் வைத்து ஒருவர் விடையை மற்றவர் திருத்துங்கள். தன் விடையைத் தானே திருத்துகிறபோது இரக்கம் வந்துவிடும். இன்னொருவர் கையில் அது வராது. கூடுவதற்கு இடமில்லை என்றால் அதிபரிடம் ஒரு வகுப்பறையைக் கேளுங்கள், ஆலய நிருவாகத்திடம் மண்டபத்தைக் கேளுங்கள். இந்த ஊரில் கேட்டால் கொடுக்காத மனிதர் இல்லை. கேட்கக் கூச்சப்படுகிற பிள்ளைகள்தான் அதிகம். பெண்பிள்ளைகள் இன்னொன்றையும் கேட்கவேண்டும். சமையலும் தம்பி தங்கைமாரைப் பார்ப்பதும் வெளிநாட்டில் இருக்கிற தாயின் இடத்தை நிரப்புவதும் உங்கள் தலையில் விழுந்திருக்கிறது. ஆறு வாரத்துக்கு மட்டும் அதில் பாதியை அண்ணனும் தகப்பனும் எடுக்கவேண்டும். அதை வாய்திறந்து கேளுங்கள்.

நித்திரையைக் குறைத்துப் படிப்பதைப் பெருமையாகச் சொல்வது ஒரு வழக்கமாகிவிட்டது. படித்தது நினைவில் உறைவது நித்திரையில்தான். விடியும்வரை விழித்துப் படித்ததில் பெரும்பகுதி காலையில் கைக்கு வராது. பகல் முழுக்க வேலை செய்து வருபவர் இரவு ஒன்பதிலிருந்து பன்னிரண்டுவரை எழுதிவிட்டுப் படுப்பது போதும்.

மாரியையும் கணக்கில் எடுக்கவேண்டும். ஒருகாலம் ஓகஸ்டில் நடந்த பரீட்சை அண்மை வருடங்களில் மழைக்காலத்துக்குள் வந்து விழுந்திருக்கிறது. 2024இல் நவம்பர் 25ஆம் திகதி தொடங்கி, இரண்டு நாள் நடந்து, வெள்ளத்தால் நிறுத்தப்பட்டு, டிசம்பர் 4ஆம் திகதிதான் மறுபடி தொடங்கியது. 2025இல் நவம்பர் 10ஆம் திகதி தொடங்கிய பரீட்சை டித்வா புயலால் இடையில் நின்று, மிகுதிப் பாடங்கள் 2026 ஜனவரிக்குத் தள்ளிப்போயின. பரீட்சை நாட்காட்டியைத் தயாரிப்பவர்கள் கிழக்குக் கரையில் மழை எப்போது வரும் என்பதை ஒரு தடவை கேட்டிருந்தால் நல்லது. அது அவர்களுக்குச் சொல்லவேண்டிய முறைப்பாடு. உங்களுக்குச் சொல்லவேண்டியது வேறு: தாள் பிற்போடப்பட்டால் அதைத் தண்டனையாக எடுத்துக் கொப்பியை மூடாதீர்கள். பிந்தித் தொடங்கியவருக்கு அது கேட்காமல் கிடைத்த நாட்கள். வீதியில் வெள்ளம் ஏறும் என்று தெரிந்தால் முதல்நாளே பரீட்சை நிலையத்துக்குக் கிட்டிய வீடொன்றில் தங்குங்கள். அனுமதி அட்டையையும் அடையாள அட்டையையும் பொலித்தீன் பையில் வையுங்கள். அட்டை கைக்கு வந்த அன்றே பாடங்களும் மொழிமூலமும் சரியா என்று பாருங்கள்.

கடைசி வேண்டுகோள்தான் எல்லாவற்றிலும் பெரியது. படித்தது போதாது என்று பயந்து பரீட்சைக்குப் போகாமல் நிற்பவர்கள் இந்தப் பக்கத்தில் இருக்கிறார்கள். முதலாம் தாள் கடினமாக வந்தது என்று இரண்டாம் தாளுக்குப் போகாமல் விட்டவர்களும் இருக்கிறார்கள். ஒரு பாடத்தின் இரு தாளையும் எழுதினால்தான் அந்தப் பாடத்துக்குப் பெறுபேறு வரும். முதலாம் தாள் உங்களுக்குக் கடினமென்றால் நாடு முழுக்க எழுதியவர்களுக்கும் அது கடினமாகத்தான் இருந்திருக்கும். அப்போது அந்தப் பாடத்தின் சராசரி இறங்கும், உங்கள் புள்ளிக்கு மதிப்பு ஏறும். பல்கலைக்கழக அனுமதிக்காக மூன்று தடவை மட்டுமே எழுதலாம். அதில் ஒன்றைப் பயத்துக்குக் கொடுக்காதீர்கள். மூன்று எஸ் எடுத்தவருக்குப் பல்கலைக்கழகம் இந்தத் தடவை கிடைக்காமல் போகலாம். ஆனால் மூன்று பாடச் சித்தி என்ற ஒரு வரி கையில் இருந்தால் தாழங்குடாவில் உள்ள தேசிய கல்வியியற் கல்லூரிக்கு விண்ணப்பிக்கலாம், திறந்த பல்கலைக்கழகத்துக்குப் போகலாம், உயர்தரச் சித்தி கேட்கிற அரச வேலைகளுக்கு விண்ணப்பிக்கலாம். அந்த வரி இல்லாதவரின் விண்ணப்பத்தை எவரும் திறந்தும் பார்ப்பதில்லை.

வந்தாறுமூலையில் 1981இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி 1986இல் கிழக்குப் பல்கலைக்கழகமாக உயர்ந்த அந்த வளாகம், நீங்கள் மட்டக்களப்புக்குப் போகும் அதே வீதியில்தான் இருக்கிறது. வாகரைப் பிரதேசத்துப் பிள்ளைகளுக்கும் அதில் இடம் உண்டு. இன்று மாலை ஒரு பழைய வினாத்தாளை எடுங்கள், பயந்த பாடத்தினுடையதாக இருக்கட்டும். நோட்ஸைப் பார்க்காமல் ஒரு விடையை எழுதி, புள்ளித்திட்டத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பரீட்சை தொடங்கிய பிறகு, உங்கள் பெயருக்கு உள்ள ஒவ்வொரு தாளுக்கும் போய் உட்கார்ந்து, நேரம் முடியும்வரை எழுதிவிட்டு வாருங்கள்.